பேட்டரியிலிருந்து ஏழு அங்குலம்

முதல்ல ஒரு ஒப்புதல் வாக்குமூலம். நான் நாலு வருஷம் உட்கார்ந்து படித்தது எலக்ட்ரிகல் இன்ஜினியரிங். பிழைப்பது ஆணி பிடுங்கி. படித்ததுக்கும் பிடுங்குவதுக்கும் சம்பந்தம் இல்லை என்பது நம்ம ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் அந்த சம்பந்தமில்லாமை ஒருநாள் காலை ஆற்று நடுவில் புகையாகக் கிளம்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் இருப்பது ஆரகன் மாநிலத்தில் போர்ட்லேண்ட் பக்கம். ஆபீஸில் எனக்கு சீனியர் ஒரு அண்ணன், தூத்துக்குடிக்காரர். தண்ணீரைப் பார்த்தால் கை நமநமவென்று இருக்கும் மனிதர். 14 அடி நீளத்தில் ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கினார். "நம்ம வள்ளம்" என்றுதான் அதைச் சொல்லுவார். பின்னாடி ஒரு அவுட்போர்டு மோட்டார், அதை ஸ்டார்ட் பண்ண ஒரு 12 வோல்ட் பேட்டரி. அதிலேயே மீன் காட்டும் கருவி ஒன்றையும் மாட்ட வேண்டும். "தம்பி, நீ எலக்ட்ரிகல்தானே?" என்றார். மண்டையை ஆட்டினேன். பேட்டரி முனையிலிருந்து ஒரு கம்பி, படகின் ஓரமாகவே முன்பக்கம் வரைக்கும். கருவிக்குப் பக்கத்தில் கைக்கு எட்டுகிற மாதிரி அழகாக ஒரு கண்ணாடி ஃப்யூஸ். "போச்சுன்னா குனியாம மாத்திக்கலாம்ணா" என்று பெருமை வேறு.

மூணாவது தடவை விலாமெட் ஆற்றில் போனபோது, அலுமினியச் சட்டம் ஒன்றின் விளிம்பில் அந்தக் கம்பி உரசி உரசித் தோல் உரிந்திருக்கிறது. அவுட்போர்டு மோட்டாரின் உடம்பு பேட்டரியின் நெகட்டிவ்வோடு சேர்ந்தது. மோட்டார் படகின் பின்பலகையில் இறுக்கிக் கட்டியது. அப்போ படகு மொத்தமும் நெகட்டிவ். பாசிட்டிவ் கம்பி படகைத் தொட்டால் என்ன ஆகும் என்று முதல் செமஸ்டர் பையன் சொல்லுவான். ரப்பர் கருகும் நாற்றம், புகை, பக்கத்தில் பெட்ரோல் டேங்க். அண்ணன்தான் பாய்ந்து போய் பேட்டரி முனையைப் பிடுங்கினார். மூணு விரல் கொப்பளித்துப் போச்சு. எல்லாம் அடங்கின பிறகு நான் போட்ட ஃப்யூஸைக் கழற்றிப் பார்த்தோம்.

அது போகவே இல்லை. புத்தம் புதுசாக இருந்தது.

"என்னல படிச்ச நீ?" என்றார். அந்தக் கேள்விக்கு பதில் தேடித்தான் நான் பழைய கதைகளைக் கிளற ஆரம்பித்தேன்.

நம்மில் பெரும்பாலோருக்கு ஃப்யூஸ் பற்றித் தெரிந்தது பீங்கான் கட்டையோடு முடிந்துவிடும். மழை, இடி, டப்பென்று ஒரு சத்தம், "பீஸ் போச்சு" என்று தெருவே கத்தும். எங்கப்பா டார்ச்சை எனக்குப் பிடிக்கக் கொடுத்துவிட்டு, கட்டையைப் பிடுங்கி, ஏதோ ஒரு ஒயரிலிருந்து உருவின செம்பு இழையைச் சுற்றுவார். ரெண்டு நாளில் மறுபடி போனால் இன்னும் தடிமனாக ஒரு இழை. "இனிமே போகாது பாரு." போகவும் போகாது :-) ஃப்யூஸ் என்பது டிவியையும் ஃபிரிட்ஜையும் காப்பாற்றத்தான் இருக்கிறது என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் நான் படகிலும், காப்பாற்ற வேண்டிய கருவிக்குப் பக்கத்தில் ஃப்யூஸை வைத்தேன்.

வேடிக்கை என்னவென்றால், சரித்திரத்தில் முதலில் வந்த யோசனையும் அதேதான். 1840-களில் பிரான்ஸில் தந்திக் கம்பங்கள் வரிசையாக நடப்பட்டுக்கொண்டிருந்தன. வெட்டவெளியில் மைல்கணக்கில் ஓடும் கம்பி. மின்னல் விழுந்தால் அந்த மின்சாரம் நேராக தந்தி ஆபீஸுக்குள் வந்து கருவியைப் பொசுக்கும், ஆபரேட்டரையும் பதம் பார்க்கும். லூயி ப்ரெகே என்ற கடிகாரக் குடும்பத்துக்காரர் 1847 வாக்கில் ஒரு வழி சொன்னார்: கம்பி ஆபீஸுக்குள் நுழையும் முன்னாடி கொஞ்ச தூரம் மெல்லிசான கம்பியாக மாற்றிவிடுங்கள், மின்னல் வந்தால் முதலில் அது உருகி அறுந்துபோகும். இங்கே ஆபத்து வெளியிலிருந்து வருகிறது, காப்பாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் கருவி. அதனால் கருவிக்கு முன்னாடி வைத்தது சரி. என் படகிலோ ஆபத்து பேட்டரியில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் பேட்டரி எப்போதும் இப்படி ஆபத்தானதாக இருந்ததில்லை. படகில் முதன்முதலாக பேட்டரியை ஏற்றி ஓட்டினவர்களில் ஒருவர் மோரிட்ஸ் யாகோபி. ரஷ்யாவில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நேவா ஆற்றில், 1838-லும் அடுத்த வருஷமும், ஜார் மன்னர் கொடுத்த பணத்தில் மின்மோட்டார் படகு ஓட்டிக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினார்கள், நடக்கிற வேகத்தில் போனது. முதலில் துத்தநாகம்-செம்பு செல்கள், நூற்றுக்கணக்கில். அப்புறம் பிளாட்டினம், நைட்ரிக் அமிலம் போட்ட குரோவ் செல்கள். குரோவ் செல் வேலை செய்யும்போது பழுப்பு நிறத்தில் நச்சுப் புகை விடும் சாமான். அதனால் அந்தப் படகில் பயம் மூச்சுத் திணறலைப் பற்றித்தான்.

தீயைப் பற்றி ஏன் பயமில்லை? பழைய செம்பு செல்களுக்கு உள் தடை அதிகம். உள்ளேயே ஒரு மின்தடை உட்கார்ந்துகொண்டு "இவ்வளவுதான் தருவேன்" என்று சொல்லும். அப்படி ஒரு செல்லின் ரெண்டு முனையையும் சேர்த்துவிட்டால் செல் தீர்ந்துபோகும், அவ்வளவுதான்.

இதை மாற்றினவர் காஸ்டன் பிளாண்டே. 1859-ல் ரெண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி கந்தக அமிலத்தில் முக்கினார். இன்றைக்கு உங்கள் பைக்கில் இருக்கிற ஈய பேட்டரியின் கொள்ளுத்தாத்தா. அதைத் திரும்பத் திரும்ப சார்ஜ் பண்ணலாம் என்பதுதான் பாடப்புத்தகத்தில் இருக்கும் பெருமை. எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு குணம்: உள் தடை ரொம்பக் குறைவு. சேர்த்து வைத்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடும். பிளாண்டே தன் பேட்டரியை வைத்து உலோகக் கம்பிகளைப் பழுக்கக் காய்ச்சிக் காட்டினார். இன்றைக்கு அதைப் படிக்கும்போது எனக்கு அண்ணனின் கொப்பளித்த விரல்தான் ஞாபகம் வந்தது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம் (பிடிக்காதவர்கள் ஒரு பாராவைத் தாண்டிக் குதிக்கலாம்). நல்ல நிலையில் இருக்கிற 12 வோல்ட் படகு பேட்டரியின் உள் தடை சில மில்லி ஓம்தான். ஐந்து என்று வைத்துக்கொண்டால், முனைகளை நேராகச் சேர்த்தால் 2,400 ஆம்பியர். நான் போட்ட கம்பி 1.3 சதுர மில்லிமீட்டர், ஒரு மீட்டருக்குச் சுமார் 13 மில்லி ஓம். அலுமினியத்தில் விட்டு விட்டுத்தான் உரசியது, அதனால் வெறும் 100 ஆம்பியர்தான் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் கம்பியில் 130 வாட் சூடு. அந்தக் கம்பியில் இருக்கிற செம்பு 12 கிராம்கூட இல்லை. ஒவ்வொரு விநாடிக்கும் கிட்டத்தட்ட 30 டிகிரி ஏறும். ஐந்தாறு விநாடியில் பிளாஸ்டிக் உறை உருக ஆரம்பிக்கும். 12 வோல்ட்தானே, கை வைத்தாலும் ஷாக் அடிக்காதே என்பார்கள். அடிக்காது, உண்மைதான். சுடும்.

இப்போ கதையின் நடுப்பகுதி. இது என்னைப் பொறுத்தவரை உள்ளூர்க் கதையும்கூட.

1879 டிசம்பர் 31. நியூஜெர்சி மென்லோ பார்க்கில் எடிசன் தன் புது பல்புகளை ஊருக்கே ஏற்றிக் காட்டுகிறார். கூட்டத்தில் ஒருவர் ஹென்றி வில்லார்ட். ஆரகன் ரயில்வே அண்ட் நேவிகேஷன் கம்பெனியின் தலைவர். அவருடைய கம்பெனிக்காக பென்சில்வேனியாவில் செஸ்டர் என்ற ஊரில் ஒரு நீராவிக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தார்கள், பெயர் கொலம்பியா. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் எங்க ஊர் போர்ட்லேண்டுக்கும் நடுவில் ஓட வேண்டிய கப்பல். "இந்த விளக்கை என் கப்பலில் போடுங்கள்" என்றார் வில்லார்ட். கப்பல் கட்டிய ஜான் ரோச்சுக்கு இதில் நம்பிக்கை இல்லை, தீப்பிடிக்கும் என்ற பயம். அவர் பட்டறையில் விளக்கு வேலை நடக்கவில்லை. கப்பலை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் எடிசனின் ஆட்களே பொருத்தினார்கள்.

ரோச்சைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றும். அதுவரைக்கும் கப்பல்களில் என்ன எரிந்துகொண்டிருந்தது? எண்ணெய் விளக்கு. மரத்தாலான அறைகளுக்கு உள்ளே திறந்த நெருப்பு! அதைவிட்டு கண்ணாடிக்குள் அடைபட்ட பல்பைப் பார்த்துப் பயப்படுவதா? ஆனால் நான் அந்தப் புகையை மோந்தவன் என்பதால் இப்போ ரோச் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். எண்ணெய் விளக்கின் நெருப்பு எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். கம்பியில் வருகிற நெருப்பு பலகைக்குப் பின்னால், எந்த இடத்தில் வேண்டுமானாலும் வரும். அவர் பயந்தது தப்பான பொருளுக்கு இல்லை.

கொலம்பியாவில் நாலு டைனமோ, 100-க்கும் மேல் விளக்குகள். வோல்ட் மீட்டர் கிடையாது, ஆம்பியர் மீட்டர் கிடையாது. இன்ஜின் அறையில் இருக்கும் பல்பு எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்று கண்ணால் பார்த்து டைனமோவைக் கூட்டிக் குறைப்பார்கள். பயணிகள் தாங்களாக விளக்கைப் போடவோ அணைக்கவோ முடியாது, ஸ்டூவர்டைக் கூப்பிட வேண்டும். 1880 மே மாதம் நியூயார்க்கை விட்டுக் கிளம்பி, பனாமா கால்வாய் இல்லாத காலம் என்பதால் தென் அமெரிக்காவின் வால் முனையைச் சுற்றி, ஆகஸ்டில் போர்ட்லேண்ட் வந்து சேர்ந்தது. மென்லோ பார்க்குக்கு வெளியே எடிசன் விளக்கு காசுக்கு விற்கப்பட்டு எரிந்த முதல் இடம் ஒரு கட்டடம் இல்லை, கப்பல். அது வந்து நின்ற அதே ஆற்றில்தான் நாங்கள் கம்பியைக் கருக்கினோம்.

கொலம்பியா கிளம்பிய அதே மே மாதம் 4-ம் தேதி எடிசனுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. விளக்குகளுக்கான பாதுகாப்புக் கம்பி. அதாவது நம்ம ஃப்யூஸ். அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் சின்னத் துண்டு ஒன்று உருகி இணைப்பை அறுக்கும். உருகின உலோகச் சொட்டு வீட்டுக் கம்பளத்திலும் நாற்காலியிலும் விழுந்து பொசுக்கிவிடாமல் இருக்க, அந்தத் துண்டுக்கு மின்சாரம் கடத்தாத ஒரு உறை. கம்பளத்தைப் பற்றி யோசித்திருக்கிறார் பாருங்கள்! எடிசன் ஆராய்ச்சியாளர் என்பதைவிட வியாபாரி என்று சிலர் சொல்வார்கள். அது திட்டு என்றால், இந்த இடத்தில் அது பாராட்டு. வாடிக்கையாளர் வீட்டுக் கம்பளம் எரிந்தால் அடுத்த வீட்டில் பல்பு விற்காது.

இங்கேதான் யோசனை திரும்புகிறது. ப்ரெகேவுக்கு ஆபத்து வானத்திலிருந்து வந்தது. எடிசன் காலத்தில் ஆபத்து நாமே கட்டின டைனமோவிலிருந்து வருகிறது, அது கம்பி ஓடும் வழியெல்லாம் தீ வைக்கலாம். ரெண்டு வருஷம் கழித்து, 1882-ல் லண்டனில் தந்திப் பொறியாளர்கள் சங்கம் ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. பிரிட்டனில் இன்றுவரை திருத்தித் திருத்தி வெளியாகும் வயரிங் விதிகளின் முதல் பதிப்பு அது. அதன் தலைப்பிலேயே மின் விளக்குகளால் வரும் தீ அபாயத்தைத் தடுப்பது என்றுதான் இருக்கிறது. ஷாக் அடிப்பது தலைப்பில் இல்லை.

எவ்வளவு மெல்லிசுக் கம்பி எவ்வளவு மின்சாரத்தில் உருகும்? இதை உட்கார்ந்து அளந்தவர் பிரிட்டிஷ் தபால் துறையின் வில்லியம் ப்ரீஸ், 1880-களில். உருகும் மின்சாரம் விட்டத்தின் ஒன்றரை மடிப் பெருக்கத்தில் ஏறும் என்றார். செம்புக்கு அந்தக் கணக்குப்படி 0.2 மில்லிமீட்டர் இழை 7 ஆம்பியரில் உருகும். 0.5 மில்லிமீட்டர் இழை 28 ஆம்பியரில். விட்டம் இரண்டரை மடங்கு, மின்சாரம் நாலு மடங்கு. எங்கப்பா "இனிமே போகாது பாரு" என்று சுற்றினது என்ன என்று இப்போ புரிகிறது. சுவருக்குள் இருந்த ஒயர் அந்த ஃப்யூஸுக்கு முன்னாடி உருகாமல் இருந்தது எங்கள் வீட்டு அதிர்ஷ்டம். படகில் நான் போட்ட கம்பிக்கும் கணக்குப் போட்டேன்: 117 ஆம்பியர். அதாவது அந்தக் காலைப்பொழுதில் எங்கள் படகில் பேட்டரிக்குக் காவலாக இருந்த ஒரே ஃப்யூஸ், அந்தக் கம்பியேதான்.

மிச்ச சரித்திரத்தை வேகமாகவே தாண்டலாம். 1893 சிகாகோ கண்காட்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேட்டரிப் படகுகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றி இறக்கின. அதன்பிறகு பெட்ரோல் வந்து எல்லாவற்றையும் மூழ்கடித்தது. 1909-ல் ஓலே எவின்ரூட் அவுட்போர்டு மோட்டார் விற்க ஆரம்பித்தார். அதைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும், அதுக்கென்று பேட்டரி கிடையாது. பேட்டரி திரும்பி வந்தது கார் வழியாக. 1912-ல் கேடிலாக் காரில் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர். காருக்கு வந்தது கொஞ்ச காலத்தில் படகுக்கும் இறங்கும், அதுதான் வழக்கம். 1950-களில் கார்கள் 6 வோல்டிலிருந்து 12-க்குத் தாவின. 1976-ல் லிட்டல்ஃப்யூஸ் கம்பெனி கத்தி மாதிரி ரெண்டு கால் உள்ள பிளாஸ்டிக் ஃப்யூஸைக் கொண்டுவந்தது. சிவப்பு என்றால் 10, நீலம் 15, மஞ்சள் 20. இன்றைக்குச் சின்னப் படகுகளில் இருக்கிற ஃப்யூஸ் பிளாக் இந்த வகைதான்.

ஆனால் கார் வேறு, படகு வேறு. கார் தீப்பிடித்தால் ஓரம் கட்டி இறங்கி ஓடலாம். அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் என்று ஒரு அமைப்பு, 1954-ல் ஆரம்பித்தது. படகுகளுக்கான தொழில்நுட்ப விதிகளை எழுதுவதுதான் அவர்கள் வேலை. அவர்கள் விதி: மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து கம்பியை அளந்தால் 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸோ பிரேக்கரோ இருக்க வேண்டும். நேராக பேட்டரி முனையிலிருந்து கிளம்பி, கம்பிக்கு மேல் முழுக்க இன்னொரு உறையும் போட்டிருந்தால் 72 அங்குலம் வரை சலுகை. மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும் தடிக்கம்பிக்கு மட்டும் விலக்கு. நான் வைத்தது கிட்டத்தட்ட 100 அங்குலத்தில், உறையும் இல்லாமல். ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கும் கம்பிக்கு ஃப்யூஸே இல்லை என்பதுதான் அந்த 7 அங்குலத்தின் அர்த்தம். இதை எனக்கு நாலு வருஷத்தில் யாரும் சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். சொல்லியிருப்பார்கள், நான் கடைசி பெஞ்சில் இருந்திருப்பேன்.

லித்தியம் பேட்டரிக்கு மாறினவர்களுக்கு இது இன்னும் தீவிரம். உள் தடை ஈயத்தைவிடக் குறைவு, அதனால் கொட்டும் மின்சாரம் அதிகம். சாதாரண ஃப்யூஸ் உருகின பிறகும் நடுவில் தீப்பொறி பாலம் கட்டி மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். அதனால் அதை அறுக்கும் சக்தி உள்ள 'டி' வகை ஃப்யூஸ் போடச் சொல்கிறார்கள்.

அண்ணன் விரல் ஆறின பிறகு ரெண்டு பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டோம். ஸ்டார்ட்டர் கம்பியைத் தொடவில்லை. பேட்டரி பாசிட்டிவ் முனையிலேயே உட்காரும் ஒரு பெரிய ஃப்யூஸ், அதிலிருந்து மெயின் ஸ்விட்ச், அதிலிருந்து ஆறு இடம் உள்ள ஃப்யூஸ் பிளாக். பிளாக்கிலிருந்து மீன் கருவிக்கு ஒன்று, பச்சை சிவப்பு விளக்குக்கு ஒன்று. பெரிய ஃப்யூஸ் பிளாக் வரை போகும் தடிக்கம்பிக்குக் காவல். பிளாக்கில் இருக்கும் குட்டி ஃப்யூஸ்கள் அங்கிருந்து பிரியும் மெல்லிசுக் கம்பிகளுக்குக் காவல். கம்பி எங்கெல்லாம் மெலிகிறதோ அங்கெல்லாம் ஒரு காவல்காரன். கம்பி முழுக்க ஈயம் பூசின செம்பு, அலுமினியச் சட்டத்தைத் தாண்டும் இடத்திலெல்லாம் ரப்பர் வளையம்.

சண்டை வந்தது பில்ஜ் பம்பில். படகின் அடியில் சேரும் தண்ணீரைத் தானாக வெளியே தள்ளும் பம்ப். அதை மட்டும் மெயின் ஸ்விட்ச்சுக்கு முன்னாலேயே இணைப்பார்கள், கரையில் கட்டிப்போட்டு ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாலும் ஓட வேண்டும் என்பதால். அதுக்குத் தனி ஃப்யூஸ், அதுவும் பேட்டரி பக்கத்திலேயே. பம்ப் பெட்டியில் 3 ஆம்பியர் என்று போட்டிருந்தது. கம்பி 10 ஆம்பியரைத் தாராளமாகத் தாங்கும். "பத்து போடுல, நடு ஆத்துல ஃப்யூஸ் போச்சுன்னா மூழ்கிருவோம்" என்றார் அண்ணன். நியாயமான பயம். ஆனால் பம்பின் சுழலியில் ஒரு தூண்டில் நரம்பு சுற்றி நின்றுபோனால், மோட்டார் ஓடாமலேயே மின்சாரத்தைக் குடித்துச் சூடாகும். 10 ஆம்பியர் ஃப்யூஸ் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் தீ. கம்பியைக் காப்பாற்றுவதுதான் ஃப்யூஸ் என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, இந்த ஒரு இடத்தில் கருவியையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ரோச்சின் பயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். கொலம்பியாவில் எடிசனின் அந்த முதல் சாமான்கள் 15 வருஷம் ஓடின, 1895-ல்தான் கழற்றினார்கள். கப்பல் தீப்பிடிக்கவில்லை. 1907 ஜூலை 20 நள்ளிரவு வாக்கில் கலிபோர்னியா கரைக்குப் பக்கத்தில் மூடுபனியில், மரம் ஏற்றிவந்த சான் பெட்ரோ என்ற கப்பலோடு மோதி, பத்து நிமிஷத்துக்குள் மூழ்கியது. 88 பேர் செத்துப்போனார்கள்.

இதை அண்ணனிடம் சொல்லியிருக்கக் கூடாது. "பாத்தியா, தண்ணிதான் ஆள முழுங்கிருக்கு" என்று மறுபடி பத்துக்கே வந்தார். கடைசியில் பெட்டியில் போட்டபடி 3 ஆம்பியர்தான் மாட்டினோம், பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் மாற்று ஃப்யூஸ் ஆறு. அண்ணன் அவர் பங்குக்கு ஒரு பழைய பெயிண்ட் வாளியைக் கயிறு போட்டுப் பலகையில் கட்டிவைத்திருக்கிறார், மொண்டு ஊற்ற.